பங்காளியோடு பங்கு போட முடியாத கார்

2024 தை மாதம். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில், குடமுருட்டிப் பாலத்துக்குச் சற்று முன்னால் அத்தானின் கார் நின்றுவிட்டது. கிளட்ச் போய்விட்டது. 2010-இல் வாங்கிய வண்டி. மறு ஆண்டு பதிவுக் காலமும் முடியப்போகிறது. சரிசெய்ய 48,000 ரூபாய் ஆகும் என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில். அப்படியே விற்றால் 60,000 கிடைக்கும் என்றும் சொன்னார்கள். புதிதாக ஒன்று வாங்கிவிடுவது என்று அத்தான் அன்று மாலையே முடிவெடுத்துவிட்டார். அக்காதான் குறுக்கே நின்றாள். "சித்திரையிலிருந்து பங்குனி வரை கார் இல்லாமல் இருந்து பார்ப்போம். முடியவில்லை என்றால் வாங்குங்கள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றாள்.

கணக்கு எழுதும் பொறுப்பு தம்பியான என்னிடம் வந்தது. அந்த ஓராண்டும் அதன் பிறகு வந்த மாதங்களும்தான் இந்த ஆய்வு. ஒரே ஒரு குடும்பத்தின் கதை என்பதால் இதிலிருந்து ஊருக்கெல்லாம் பொதுவிதி சொல்ல முடியாது. ஆனால் சொந்தக் காரா, வாடகை வண்டியா என்று நம்மிடையே நடக்கும் பேச்செல்லாம் சென்னையையும் பெங்களூரையும் மனத்தில் வைத்தே நடக்கிறது. ஊபர் 2009-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தது. ஓலா 2010-இல் வந்தது. இரண்டுமே தெருவுக்குத் தெரு சவாரி கிடைக்கும் பெருநகரத்தை நம்பி வளர்ந்தவை. ஆற்றுக்கு ஆறு, வாய்க்காலுக்கு வாய்க்கால் சிறுசிறு ஊர்களாகச் சிதறிக் கிடக்கும் நம் பக்கத்துக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்று யாரும் உட்கார்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அதனால் சின்னதாக இருந்தாலும் இதை எழுதி வைக்கத் தோன்றியது.

ஊர் பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கும்பகோணம் சுமார் 15 கிலோமீட்டர், தஞ்சாவூர் சுமார் 25. அத்தானுக்கு விவசாயமும் ஓர் உரக்கடையும். அக்கா கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியை. அத்தானின் அம்மாவுக்கு 78 வயது, இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். நான் அவரை அத்தை என்றுதான் அழைப்பேன். மகன் சென்னையில் வேலை பார்க்கிறான்.

சிவப்பு மையில் ஒரு 'க'

அக்கா வீட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி, சிலிண்டர் மாற்றிய நாளுக்கு வட்டம், கார் எடுத்த நாளுக்குச் சிவப்பு மையில் ஒரு 'க'. பெட்ரோலுக்குப் போகும் பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளப் பல ஆண்டுகளாக இப்படிக் குறித்து வருகிறாள். 2023-இன் பன்னிரண்டு தாள்களையும் கூடத்தில் பரப்பி எண்ணினோம். 'க' போட்ட நாள்கள் 96. மீதி 269 நாளும் வண்டி ஷெட்டிலேயே நின்றிருக்கிறது.

அத்தான் நம்பவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாமே மறுபடி எண்ணினார். அப்போதும் 96தான்.

கல்யாணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று 27 நாள். சாவு, கருமாதி 12. அத்தைக்கு டாக்டர், ரத்தப் பரிசோதனை 22. கோயில் 14. மீதி 21 உதிரி வேலைகள். காலண்டரின் அடியில் அச்சிட்டிருந்த சுபமுகூர்த்த நாள்களோடு அக்கா விரலை வைத்து ஒப்பிட்டாள். ஆவணியிலும் தையிலும் 'க'வுக்கு மேல் 'க'. ஆடி வாரங்களில் தாள் வெறிச்சோடிக் கிடந்தது.

இன்னொன்றும் அந்தத் தாள்களில் தெரிந்தது. அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அத்தையின் மருத்துவப் பயணங்களில் பெரும்பாலானவை செவ்வாய்க்கிழமையில் விழுந்திருந்தன. டாக்டர் வேறு கிழமை சொல்லியிருந்தாலும் செவ்வாய்தான். உரக்கடைக்கு அன்றுதான் விடுமுறை. அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவி எப்போதும் அத்தானின் சட்டைப்பையில். ஊராரோடு பங்கு போடுவதைப் பற்றிப் பேச வந்த இடத்தில், பதினான்கு ஆண்டுகளாக அந்தக் கார் வீட்டுக்குள்ளேயே பங்கு போடப்படவில்லை என்பது வெளியே வந்தது. யாரும் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அத்தான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

நின்றாலும் செலவு

புதுக் காரின் விலையை 8 லட்சம் என்று வைத்துக்கொண்டோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரி உயர்ந்தது. 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம். அதுவே 1,04,000 ரூபாய். காப்பீடு, பதிவு எல்லாம் சேர்த்து வண்டி வாசலுக்கு வரும்போது ஏறக்குறைய ஒன்பதரை லட்சம். பத்து ஆண்டு ஓட்டி இரண்டரை லட்சத்துக்கு விற்றால் தேய்மானம் மட்டும் ஆண்டுக்கு 70,000. காப்பீட்டுக்குச் சராசரி 18,000. சர்வீஸ், டயர், பேட்டரிக்கு 15,000. ஆக ஒரு சொட்டு பெட்ரோல் ஊற்றாமலே 1,03,000 ரூபாய். முந்தைய ஆண்டு கார் ஓடிய தூரம் 5,400 கிலோமீட்டர். அதற்குப் பெட்ரோல் சுமார் 37,000. மொத்தம் 1,40,000. கிலோமீட்டருக்கு 26 ரூபாய் விழுகிறது.

பாபநாசம் டாக்சி ஸ்டாண்டில் அப்போது கிலோமீட்டருக்கு 14 ரூபாயும் டிரைவர் பேட்டாவும் வாங்கினார்கள். பெட்ரோல் போடும்போது கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்தான் கையை விட்டுப் போகிறது. அதனால் சொந்தக் கார் மலிவு என்றே மனம் சொல்லும். தேய்மானம் யாருக்கும் ரசீது கொடுப்பதில்லை. ஒன்பதரை லட்சம் வங்கியில் கிடந்தால் வரும் வட்டியை நாங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்திருந்தால் சொந்தக் காரின் கணக்கு இன்னும் கனத்திருக்கும்.

பணக் கணக்கு இப்படி ஒரே மாலையில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அத்தான் கார் வேண்டும் என்றே சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இந்த டெல்டாவில் கார் வாங்கும் பலர் சொல்லும் பதில்: "ராத்திரி அம்மாவுக்கு ஏதாவது ஒன்று என்றால்?"

கார் இல்லாத ஆண்டு

அக்காவின் பள்ளிப் பயணத்தில் எந்த மாற்றமும் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அவள் அதில்தான் போய்க்கொண்டிருந்தாள். கார் இருந்தபோதும் மழை கொட்டும் நாளில் மட்டுமே அத்தான் கொண்டுபோய் விடுவார்.

செயலியில் வண்டி அழைப்பதை முதல் மாதமே கைவிட்டோம். நகரத்துக்குள் நின்றுகொண்டு அழைத்தால் ஏதாவது ஒன்று வரும். கிராமத்திலிருந்து அழைத்தால் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இதில் டிரைவரைக் குறை சொல்ல முடியாது. 15 கிலோமீட்டர் காலியாக வந்து, எங்களைப் பாபநாசத்தில் இறக்கிவிட்டு, மறுபடி காலியாகத் திரும்பினால் அவருக்குக் கட்டாது. நகரத்தில் இறக்கிய இடத்திலேயே அடுத்த சவாரி ஏறும். இங்கே இறக்கிய இடத்தில் வயல்தான் இருக்கும்.

டிரைவர் இல்லாமல் நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் காரையும் விசாரித்தோம். 1989-இல் வந்த ரென்ட்-எ-கேப் திட்டம், உரிமம் பெறக் குறைந்தது 50 வண்டிகள் வேண்டும் என்று வைத்தது. பாபநாசம் போன்ற ஊரில் 50 வண்டியை வைத்துக்கொண்டு யார் பிழைக்க முடியும்? அதனால் வெள்ளை நம்பர் பிளேட் காரைச் சிலர் தெரிந்தவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். அது சட்டத்துக்கு வெளியே நடப்பது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவின்படி வாடகைக்கு ஓடும் வண்டிக்கு பர்மிட் வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அது ஒன்றே போதும். அத்தையை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் அந்தத் துணிச்சல் கூடாது என்று விட்டுவிட்டோம்.

மிஞ்சியது டாக்சி ஸ்டாண்ட். ஓராண்டில் 74 முறை வண்டி கேட்டோம். 58 முறை கேட்டபடி கிடைத்தது. கிடைக்காத 16-இல் 11 முகூர்த்த நாளிலோ அதற்கு முந்தின நாளிலோ வந்தவை. மூன்று சனிக்கிழமைகள். இந்தச் சனிக்கிழமைக் காரணத்தை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள வாடகைக் கார்களுக்குச் சோறு போடுவது நவக்கிரகத் தலங்கள். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என்று ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றிக்காட்ட வெளியூர்க்காரர்கள் முன்கூட்டியே பேசிவிடுவார்கள். சனிக்கிழமையில் திருநள்ளாற்றுக்கு ஓடும் வண்டி நம் ஊர்ச் சவாரிக்கு நிற்காது.

செலவு: வாடகைக்கு 78,000, ஆட்டோவுக்கு 9,000, ஆக 87,000. சொந்தக் காரைவிட 53,000 ரூபாய் குறைவு. ஆனால் அந்த 11 முகூர்த்த நாள்களில் இரண்டு கல்யாணங்களுக்குத் தாலி கட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். அதில் ஒன்று அத்தானின் தங்கை மகள் கல்யாணம். அந்த மனத்தாங்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நோட்டில் அந்த வரிக்கு எதிரே கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.

சென்னையிலிருந்து மகன் வருவதில் மட்டும் நேர்மாறாக நடந்தது. தீபாவளிக்கு முந்தைய நாள் ரயிலில் இடமில்லை. பிளாப்ளாகார் செயலியில் கும்பகோணம் வரும் ஒருவரின் காரில் செலவைப் பகிர்ந்துகொண்டு வந்து சேர்ந்தான். பிரான்ஸில் 2006-இல் தொடங்கி 2015-இல் இந்தியாவுக்கு வந்த ஏற்பாடு அது. சொந்தக் காரில் இப்படிச் செலவைப் பகிர்ந்து ஆள் ஏற்றுவதை அப்போது நடப்பில் இருந்த மத்திய அரசின் 2020 வழிகாட்டு நெறிகள் ஏற்றன. ஊருக்கு ஊர் பயணம் என்றால் வாரத்துக்கு இரண்டு முறை என்று வரம்பு இருந்தது; தடுக்க நினைத்தால் மாநில அரசு தடுத்திருக்கலாம். எல்லோரும் ஒரே நாளில் ஒரே திசையில் கிளம்புவதால் அந்தக் காரில் நான்கு இருக்கையும் நிரம்பின. அதே 'ஒரே நாள்' உள்ளூரில் எங்கள் காலை வாரிவிட்டது.

அந்த இரவு

அத்தான் பயந்த இரவு கார்த்திகையில் வந்தது. நான்கு நாளாக விடாத மழை. நள்ளிரவு தாண்டி ஒன்றே முக்கால் மணிக்கு அத்தைக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. படுக்க முடியவில்லை, தலையணையை மார்போடு அணைத்தபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அக்கா 108-ஐ அழைத்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஏற்றிய உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாங்கள் போகும் திசைக்கு ஊரைத் தாண்டி அந்தப் பக்கம் வல்லம் ரோட்டில் இருக்கிறது. வழியெல்லாம் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது. "நம் காரில் பின்சீட்டில் படுக்க வைத்திருந்தால் வல்லம் ரோட்டைப் பார்த்திருக்க மாட்டார்" என்று அத்தானே பிறகு சொன்னார். 2008-இலிருந்து தமிழ்நாட்டில் ஓடும், காசு வாங்காத அந்த வண்டி எங்கள் காரைவிட மேலான வண்டி. கார் வாங்க நாம் சொல்லும் முதல் காரணத்துக்கு அந்த இரவு வேறு பதில் வைத்திருந்தது.

தடுமாறியது அதற்குப் பிந்தைய ஏழு நாள்களில். காலையில் கஞ்சி கொண்டுபோக வேண்டும், மாலையில் துணைக்கு ஆள் மாற வேண்டும். பஸ்ஸில் போய்வந்தோம். மருத்துவமனையிலிருந்து அனுப்பிய நாள் முகூர்த்த நாள். ஸ்டாண்டில் இருந்த வண்டிகளில் சில கல்யாணத்துக்கும் சில சபரிமலைக்கும் போய்விட்டன. பிற்பகல் இரண்டு மணிக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். ஒரு வண்டி பிடித்து அத்தையை ஏற்றும்போது இரவு ஏழரை. ஐந்தரை மணி நேரம் அவர் வார்டு வராந்தாவில் மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஒன்றுமில்லை, நீ பதறாதே" என்று அக்காவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அன்றிரவு அக்காவே சொன்னாள், கார் வாங்கிவிடலாம் என்று.

மூன்று வீடும் ஒரே பந்தலில்

வாங்குவதென்றால் தனியாக ஏன், மூன்று பேரும் சேர்ந்து வாங்கலாமே என்றார் அத்தானின் அண்ணன். அண்ணன், தம்பி, அத்தான் மூவரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் 1987-இல் தொடங்கிய இரண்டு கார்க் கூட்டுறவுகள் 1997-இல் ஒன்றாகி மொபிலிட்டி என்று இன்றுவரை ஓடுகின்றன என்று நான் எடுத்துச் சொன்னேன். எனக்கு அந்தத் திட்டம் மிகவும் பிடித்திருந்தது.

அத்தான் அதைக் கேட்டுவிட்டு அறுவடை மிஷினைப் பற்றிப் பேசினார். டெல்டாவில் நெல் அறுக்கும் மிஷினைச் சொந்தமாக வைத்திருக்கும் விவசாயி மிகக் குறைவு. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுக்கிறோம். ஆனால் எல்லா வயலும் ஒரே நேரத்தில் விளையும். மழை பெய்து வயல் சேறாகிவிட்டால் டயர் வண்டி இறங்காது, எல்லோருக்கும் பெல்ட் வண்டிதான் வேண்டும். அந்த வாரத்தில் காத்திருப்பு, வாடகை ஏற்றம், சில நேரம் கதிர் சாய்ந்து முளைத்தே போய்விடும். "என் வயலும் என் தம்பி வயலும் ஒரே நாளில்தான் விளையும். காரும் அப்படித்தானே?" என்றார்.

சோதித்துப் பார்த்தோம். ஆவணி மாதத்துக்கு மூன்று வீட்டுக் காலண்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அண்ணன் வீட்டுக்குக் கார் தேவைப்பட்ட நாள் 9, அத்தானுக்கு 8, தம்பிக்கு 7. மூவருக்கும் பொதுவாக விழுந்த நாள் 6. காரணம் கண்முன்னால் இருக்கிறது. பங்காளிகளுக்குக் கல்யாணமும் ஒன்று, சாவும் ஒன்று. மூன்று வீட்டிலும் சேர்த்து 11 பேர், காரில் ஐந்து இடம். அந்த நாள்களுக்கு எப்படியும் வேன்தான் பிடிக்க வேண்டும். மீதி நாள்களுக்கு மூன்று பேர் சேர்ந்து ஒன்பதரை லட்சம் போட வேண்டியதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் என்ற பேச்சு எழுவதற்கு முன்பே திட்டம் தானாகக் கரைந்தது. அதில் எனக்கு நிம்மதிதான். வரப்புக்காக முறைத்துக்கொண்ட குடும்பங்கள் நம் ஊரில் கொஞ்சமா?

ராஜகிரிப் பக்கத்து வீடு

வழி கிடைத்தது எதிர்பாராத இடத்திலிருந்து. ஸ்டாண்டில் அடுத்தவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர், கடனில் பழைய வண்டி ஒன்றை வாங்க நினைத்தார். மாதத் தவணை 11,500. அதை யாராவது உறுதி செய்தால் இறங்கலாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அவரே இன்னொரு வீட்டையும் கைகாட்டினார். ராஜகிரிப் பக்கத்தில் ஒரு குடும்பம்; இரண்டு மகன்கள் வளைகுடாவில். அவர்களுக்கு வண்டி தேவைப்படுவது திருச்சி விமான நிலையத்துக்கு, அதுவும் பெரும்பாலும் நள்ளிரவிலும் விடியலிலும். அவர்கள் வீட்டுக் கல்யாணம் பஞ்சாங்கம் பார்த்து வராது. அவர்களுக்கு ரமலானில் தேவைப்படும்போது எங்களுக்கு வேலை இருக்காது. எங்களுக்கு ஆவணியில் நெருக்கும்போது அவர்கள் காலண்டர் வெறுமையாக இருக்கும். மூன்றாவது வீடு பாபநாசத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஞாயிறு மட்டும் அவருக்கு வண்டி வேண்டும்.

2025 மே மாதம் தொடங்கியது. வாடகைக்கு ஓட்டப் பதிவான டி-போர்டு வண்டி, பர்மிட், காப்பீடு எல்லாம் டிரைவர் பெயரில், முறைப்படி. ஒவ்வொரு வீடும் மாதம் 1-ஆம் தேதி 4,000 ரூபாய் தரும். அதில் 200 கிலோமீட்டர் அடக்கம். அதற்கு மேல் 12 ரூபாய். இரவு அழைத்தாலும் வர வேண்டும். இரண்டு வீடு ஒரே நாளைக் கேட்டால் முதலில் சொன்னவருக்கு வண்டி. மற்றவருக்கு வேறு வண்டியை அவரே பேசிக் கொடுக்க வேண்டும். எஞ்சிய நாளெல்லாம் அவர் நவக்கிரகச் சவாரிக்கு ஓடலாம். எங்கள் பழைய ஓட்டத்துக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 84,000. முந்தைய ஆண்டுச் செலவுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. முதல் ஆறு மாதத்தில் 41 முறை கேட்டோம். 39 முறை வண்டி வாசலில் நின்றது.

பணத்தைவிடப் பெரிதாக எனக்குப் பட்டது வேறு. அத்தையின் பரிசோதனை இப்போது டாக்டர் சொல்லும் கிழமையில் நடக்கிறது. அக்கா போனில் பேசுகிறாள், வண்டி வருகிறது, மாமியாரும் மருமகளும் போய்வருகிறார்கள். திரும்பும் வழியில் ஒருநாள் திருக்கருகாவூரில் நிறுத்தி அம்மனைப் பார்த்துவிட்டு வந்தார்களாம். கார் சொந்தமாக இருந்த பதினான்கு ஆண்டிலும் அவர்கள் இருவர் மட்டும் எங்கும் போனதில்லை.

ஐப்பசியில் மருந்துக்கடைக்காரர் விலகினார். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது ஒரு காரணம். முக்கியக் காரணம் அவர் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். "பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலைத்தான் முதலில் பார்க்கிறார்கள்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. வாசலில் கார் நிற்காத வீட்டை ஒரு படி கீழே வைத்துப் பார்க்கும் பார்வை நம்மிடம் இருக்கிறது. கணக்கு நோட்டைக் காட்டி அதை மாற்ற முடியாது. ஒரு பெண்ணின் தகப்பனாரிடம் போய் அதைக் காட்டுவது நியாயமும் ஆகாது.

இப்போது இரண்டு வீடுதான். எட்டாயிரத்தில் தவணை நிற்காது. மீதி 3,500-ஐ டிரைவர் கோயில் சவாரியிலிருந்து எடுத்துக் கட்டுகிறார். மார்கழி வரை தாக்குப்பிடிக்கலாம் என்கிறார். மூன்றாவது வீட்டைத் தேடும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டிருக்கிறாள். உறவுக்காரர் வேண்டாம் என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. போன வாரம் வங்கரம்பேட்டை பக்கம் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தாள்; கையில் அவர் வீட்டு மாதக் காலண்டரையும் கேட்டு வாங்கி வந்திருந்தாள். பழைய கார் ஷெட்டில் இப்போது விதைநெல் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. அதன் மேல் தாளை விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அத்தான் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்.